உயிரிப் பொருளாதாரம்: சொல்லும் சக்கையும்

தரமணியில் நடக்கும் ஒரு கருத்தரங்குக்கான அழைப்பிதழ் போன வாரம் வீட்டுக்கு வந்தது. ‘கிராமப்புற வளர்ச்சியில் உயிர் பொருளாதாரம்’ என்று தலைப்பு. கீழ்வீட்டு அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, “உயிருக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடப்போறாங்களா? இன்சூரன்ஸ் கூட்டமா தம்பி?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் தப்பு அவர் மேல் இல்லை.

ஆங்கிலத்தில் இது பயோஎகானமி. கிரேக்கத்தில் ‘பயோஸ்’ என்றால் உயிர், வாழ்வு. ‘எகானமி’க்கு மூலம் ‘ஓய்கோநோமியா’. அதில் ‘ஓய்கோஸ்’ வீடு, மீதிப் பாதி நிர்வாகம். வீட்டை ஒழுங்காக நடத்துவதுதான் ஆதியில் எகானமி. சூழலியலைக் குறிக்கும் ‘எகாலஜி’யும் இதே வீட்டுப் பிள்ளை, ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல் உண்டாக்கிய சொல் அது. தமிழில் ஒன்று பொருளாதாரம், மற்றது சூழலியல் என்று ஆகிவிட்டதால், இரண்டும் பங்காளிகள் என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. பொருளாதாரம் என்ற சொல்லே பாதி தமிழ், பாதி வடமொழி: பொருள், ஆதாரம்.

சரி, அர்த்தம்? பயிர், மரம், கால்நடை, மீன், கடற்பாசி, நுண்ணுயிரி ஆகியவற்றிலிருந்து கிடைப்பதையும் அவற்றின் கழிவையும் உணவு, தீவனம், நார், காகிதம், மருந்து, எரிபொருள் என்று மாற்றிப் பிழைக்கும் பொருளாதாரம். நிலக்கரியும் பெட்ரோலும்கூட ஒருகாலத்தில் உயிராக இருந்தவைதானே என்று கேட்கலாம். இருந்தவைதான். ஆனால் அவை உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. வெட்டிய கரும்போ ஒரு வருஷத்தில் மறுபடி தலையாட்டும்.

சொல் வந்த கதை வேடிக்கையானது. ருமேனியாவில் பிறந்த பொருளியலாளர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் 1970களில் ‘பயோஎகனாமிக்ஸ்’ என்று எழுதியபோது, பூமியின் வளத்துக்கு எல்லை உண்டு, அடக்கி வாசியுங்கள் என்பதுதான் அவர் பேச்சு. 2009இல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்திருக்கும் ஓஈசிடி என்ற பொருளாதார அமைப்பு 2030ஐ மனத்தில் வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்குள் அந்தச் சொல், உயிரித் தொழில்நுட்பத்தால் வளரும் தொழில்கள் என்ற பக்கம் சாய்ந்திருந்தது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த திட்டத்தில் வயல், காடு, கடல் எல்லாம் சேர்ந்துகொண்டன. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ‘பயோஇ3’ கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. அந்த மூன்று ‘இ’யும் பொருளாதாரம், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு. குறைத்துக்கொள் என்று பிறந்த சொல்லை இன்று பெருக்கு என்ற அர்த்தத்தில் மேடையேற்றுகிறோம். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இதில் கிராமம் எங்கே வருகிறது? கருணையால் அல்ல, கனத்தால் வருகிறது. கச்சா எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்து குழாய் வழியாக மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பிவிடலாம். வைக்கோலை அப்படி அனுப்ப முடியாது. ஒரு லாரி வைக்கோலில் பெரும்பகுதி காற்றுதான். வெட்டிய கரும்பு காத்திருந்தால் சர்க்கரை குறையும். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். ஈரமும் எடையும் அழுகலும் சேர்ந்து, முதல் கட்ட வேலையையாவது விளைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே செய்யவைக்கின்றன. அந்த வேலையும் கூலியும் அங்கேயே தங்குவதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதால்தான் வட்டார வளர்ச்சி பேசுபவர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதை விளக்கியபோது அக்கா சட்டென்று, “எங்க ஊர்ல திப்பி விக்கிறாங்களே, அதுவா?” என்றார். அவருக்கு ஆத்தூர் பக்கம். அங்கே ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளியை அரைத்து மாவுப்பாலை வடித்த பிறகு மிஞ்சும் நாருக்குத் திப்பி என்று பேர். அதைக் களத்தில் காயப்போட்டு மாட்டுத் தீவனத்துக்கு விற்பார்கள். அதுவேதான் என்றேன். கரூர் மாவட்டத்தில் டிஎன்பிஎல் காகித ஆலை கரும்புச்சக்கையில் காகிதம் செய்வதும் அந்த வகைதான்.

இன்னோர் உதாரணம் எங்கள் மொட்டைமாடியிலேயே இருக்கிறது. அக்கா தக்காளிச் செடிக்கு வாங்கி வைத்திருக்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டி, கடையில் கோகோபீட். செங்கல் மாதிரி இறுகி இருக்கும். பக்கெட் தண்ணீரில் போட்டால் ஓரமெல்லாம் பொருபொருவென்று உதிர்ந்து, கொஞ்ச நேரத்தில் பக்கெட் நிறையக் காபித்தூள் நிறத்தில் பொங்கி நிற்கும். முதலில் வடியும் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அதில் உப்பு இருக்கும். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பின் இந்தத் தூள் குப்பையாகக் குவிந்து கிடந்த காலம் உண்டு. இன்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெளிநாட்டுக்குக்கூடக் கப்பல் ஏறுகிறது. ஆனால் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பக்கெட் கணக்கில் கொட்டுவது வேறு, ஆலைக் கணக்கில் விடுவது வேறு. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று அங்குள்ள விவசாயிகள் புகார் சொல்கிறார்கள். பேரில் உயிர் இருப்பதாலேயே ஒரு தொழில் சுத்தமாகிவிடாது. மக்காச்சோளத்தைப் பாருங்கள், கோழித் தீவனத்துக்கும் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் சோறு, அப்புறம் தீவனம், பிறகு பொருள், கடைசியில் அடுப்பு என்ற வரிசைதான் சரி என்பது என் கட்சி.

இனி தமிழ்ச்சொல். ‘பயோ’வுக்கு நம்மிடம் ஒரே வழக்கு இல்லை. வேளாண் துறையில் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிரி அடைத்த பாக்கெட்டை ‘உயிர் உரம்’ என்பார்கள். கல்லூரியில் ‘உயிரித் தொழில்நுட்பம்’. பயோகேஸை அப்படியே ‘உயிர்வளி’ என்று மாற்றினால் ஆபத்து. அது ஆக்சிஜனுக்குப் போய்விட்ட சொல். ஊரில் சாண எரிவாயு என்கிறார்கள், அது தெளிவாகவே இருக்கிறது. ‘பசுமைப் பொருளாதாரம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. அது வேறு, இதைவிட அகலமானது. சூரிய மின்தகடும் அதில் அடங்கும். ‘சுழற்சிப் பொருளாதாரம்’ இரும்பையும் பிளாஸ்டிக்கையும்கூட மறுபடி பயன்படுத்தச் சொல்வது.

‘உயிர்’ என்றால் தமிழ்க்காது உடலில் ஓடும் உயிரைத்தான் கேட்கும். ‘உயிரி’ என்றால் உயிருள்ள ஒன்று. பேச்சு அந்த ஒன்றைப் பற்றியது என்பதால் ‘உயிரிப் பொருளாதாரம்’தான் பொருத்தம். நடுவில் வல்லினம் மிகும், அந்த ‘ப்’பை விடக்கூடாது.

அழைப்பிதழில் பேனாவால் திருத்தி அக்காவிடம் மறுபடி நீட்டினேன்.

“இப்போ எப்படி இருக்கு?”

“இப்போ ஏதோ கிருமி மாதிரி இருக்கு தம்பி” என்றார்.