டிரக்கியாஸ்டமி: மூச்சுக்குழாய்த் திறப்பு

குரல்வளைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயில் ஒரு திறப்பு உண்டாக்கி அதில் குழாய் பொருத்துவதுதான் டிரக்கியாஸ்டமி. நோயாளி அந்தக் குழாய் வழியாகவே மூச்சு விடுவார். வென்டிலேட்டரையும் அதில்தான் இணைப்பார்கள்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. இறந்த உடலில் தமனிகள் ரத்தமின்றிக் கிடப்பதைப் பார்த்த பழைய கிரேக்கர்கள், அவற்றிலும் காற்றுதான் ஓடுகிறது என்று நம்பினார்கள். அதனால் தமனி, மூச்சுக்குழாய் இரண்டுக்குமே 'ஆர்டீரியா' என்று பெயர். குருத்தெலும்பு வளையங்கள் தட்டுப்படும் மூச்சுக்குழாய் மட்டும் 'டிரக்கீயா ஆர்டீரியா', அதாவது கரடுமுரடான ஆர்டீரியா. பிறகு பெயர்ச்சொல் உதிர்ந்து அடைமொழி மட்டும் மிஞ்சியது. சரி, 'ஸ்டமி'? 'ஸ்டோமா' என்றால் வாய். 'டோமே' என்றால் வெட்டு. டிரக்கியாடமி வெட்டும் செயலைக் குறிக்கும். டிரக்கியாஸ்டமி வெட்டிய பின் நிலைத்து நிற்கும் வாயைக் குறிக்கும்.

தமிழில் 'துளையீடு' என்றும் எழுதுகிறார்கள். அது செயலோடு நின்றுவிடுகிறது என்பதால் 'மூச்சுக்குழாய்த் திறப்பு' என்பதே என் தேர்வு. வார்டில் காதில் விழும் 'தொண்டையில் ஓட்டை' தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. உணவுக்குழாய் பின்னால் தனியாக இருக்கிறது. அதில் யாரும் கை வைப்பதில்லை.

வைரஸ் நிமோனியாவில் மூச்சு முட்டும் நோயாளிக்கு முதலில் வாய் வழியாகத்தான் குழாய் போடுவார்கள். அது நீண்ட நாள் இருந்தால் குரல்வளை புண்ணாகும், மயக்க மருந்தும் கூடுதலாக வேண்டும். கழுத்துக்கு மாற்றினால் மருந்தைக் குறைக்கலாம், சளி எடுப்பதும் எளிது. ஆனால் அவசரப்பட்டால், சில நாளில் தானே தேறியிருக்கக்கூடியவருக்கும் வீணாக ஒரு வெட்டு. பிரிட்டனில் நடந்த 'டிராக்மேன்' ஆய்வு 2013-இல் வெளியானது. 4 நாளுக்குள் செய்வதென்று ஒரு குழு, 10 நாளுக்கு மேல் பொறுப்பதென்று இன்னொரு குழு. 30 நாள் இறப்பு விகிதம் முறையே 30.8, 31.5 சதவீதம், ஏறக்குறைய ஒன்றுதான். என்னைக் கவர்ந்தது வேறொன்று: பொறுத்திருந்த குழுவில் சுமார் 45 சதவீதம் பேருக்குத்தான் கடைசியில் அது செய்யப்பட்டது.

2020-இல் கொரோனா வந்ததும் கணக்கு மாறியது. மூச்சுக்குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளால் மருத்துவர்களுக்கும் தொற்றும் என்ற பயம். வென்டிலேட்டரைச் சில நொடி நிறுத்தினால்கூடத் தாங்காத நுரையீரல்கள் வேறு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2, 3 வாரத்துக்கு முன் வேண்டாம் என்றது. அதே ஆண்டு பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, குறைந்தது 10 நாள் பொறுத்து, தேறும் அறிகுறி தெரிந்தால் மட்டும் செய்யலாம் என்றது.

இந்த எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. டிராக்மேன் எண்ணியது தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து. அமெரிக்கச் சங்கம் எண்ணியது வாயில் குழாய் போட்ட நாளிலிருந்து.