டொமெஸ்டிகேஷன்: வளர்ப்பினமாக்கல்

தானே விளைந்த செடியோ காட்டு விலங்கோ மனிதர் வளர்ப்பில் தலைமுறை தலைமுறையாக மரபே மாறிப்போவதுதான் டொமெஸ்டிகேஷன். இதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'டோமுஸ்'. பொருள், வீடு. அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் 'வீட்டுமயமாக்கல்' என்று எழுதுகிறார்கள். நெல்லும் சாமையும் வீட்டிலா விளைகின்றன?

'பழக்குதல்' என்பது அதைவிடப் பெரிய பிழை. கோயில் யானை பாகன் சொல்லுக்குக் கட்டுப்படும். ஆனால் உடலாலும் மரபாலும் அது காட்டு யானையேதான். காலங்காலமாகப் பெரும்பாலும் காட்டில் பிடித்தே பழக்கினார்கள். எது எதோடு சேர்ந்து ஈன வேண்டும் என்பது மனிதர் கையில் இல்லை. பழக்கம் அந்த ஓர் உயிரோடு போய்விடும். டொமெஸ்டிகேஷனில் மாறுவது மரபு. குட்டிக்கும் விதைக்கும் அது இறங்கும்.

சேலத்துச் சேர்வராயன் மலைச் சரிவில் மலையாளி பழங்குடி மக்கள் விதைக்கும் சாமையைப் பாருங்கள். இந்தியாவிலேயே வளர்ப்பினமான தானியம் இது. இதன் மூதாதைப் புல்லில் மணி முற்றியதும் அதன் அடியில் உள்ள மெல்லிய திசு அற்று, மணி தானாக மண்ணில் கொட்டிவிடும். புல்லுக்கு அது நல்லது, அறுப்பவருக்கு நட்டம். எப்போதாவது ஒரு செடியில் மரபுப் பிறழ்வால் மணி கொட்டாமல் கதிரிலேயே நிற்கும். முற்றிய கதிரை அரிவாளால் அறுத்தால் களத்துக்கு வந்து சேர்வதில் அந்த மணிகளே மிகுதி. அதிலிருந்து விதை எடுத்து, பழைய உதிரி விதை இல்லாத புது நிலத்தில் தூவ வேண்டும். பல தலைமுறை இப்படியே போனால் கொட்டாத வகை நிலைக்கும். பச்சையாக அறுத்தாலோ, கூடையில் தட்டி உதிர்த்தாலோ இந்தத் தேர்வு நடக்காது. கொட்டும் மணியும் சேர்ந்தே வந்துவிடும். இன்றைய சாமையிலும் அறுவடை தள்ளிப்போனால் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும்.

அதே சரிவில் விளையும் ராகி கிழக்கு ஆப்பிரிக்காவில் வளர்ப்பினமாகி இங்கே வந்தது. ஏற்காட்டுக் காபியும் அப்படித்தான்: 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது வளர்ப்புச் செடியை. இவற்றுக்கு 'அறிமுகம்' என்பதே சரி. மேச்சேரிச் செம்மறி ஆடு சேலம் வட்டாரத்துக்கு உரியது. ஆனால் செம்மறியை வளர்ப்பினமாக்கியது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில்.

கோழியின் கதை இன்னும் சுவையானது. நாட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்திய மலைகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, வளர்ப்பினம் ஒரே மூதாதையிடமிருந்து வர வேண்டும் என்பதில்லை.

'கொல்லைப்படுத்தல்' என்ற சொல்லும் புழங்குகிறது, கேட்க அழகாகவும் இருக்கிறது. கொல்லை பழந்தமிழில் முல்லை நிலத்து விளைபுலம். இன்று பல ஊர்களில் வீட்டுப் பின்புறம். இடம் தெரிகிறது, மரபு மாறியது தெரியவில்லை. அதனால்தான் 'வளர்ப்பினமாக்கல்' என்று எழுதச் சொல்கிறோம். வளர்ப்பு மனிதர் செயல், இனம் என்பது மரபு. இரண்டும் அதில் இருக்கின்றன.

'வளர்ப்பினம்' என்பதன் எதிர்ச்சொல்லாகக் 'காட்டு' என்று எழுதுவதில் மட்டும் கவனம் தேவை. சேலம் பக்கத்தில் 'காட்டுக்குப் போயிருக்காங்க' என்றால் மானாவாரி நிலத்தில் வேலையாக இருக்கிறார்கள் என்று பொருள். 'காட்டுச் சாமை' என்று எழுதினால் இங்குள்ளவர் மேட்டாங்காட்டில் விதைத்த சாமை என்றே படிப்பார். 'தானே விளையும் சாமை' என்று எழுதுங்கள்.