சிறுசெயலியை ஏன் ஏவ வேண்டும்?

'லாஞ்ச்' என்று எங்கே கண்டாலும் 'ஏவு' என்று போட்டுவிட்டுப் போகும் பழக்கம் இப்போது மினி ஆப் வரைக்கும், அதாவது இன்னொரு செயலிக்குள்ளேயே திறக்கும் சிறுசெயலி வரைக்கும் வந்துவிட்டது. 'கோல்டு லாஞ்ச்', 'ஹாட் லாஞ்ச்' என்பவற்றைக் 'குளிர் ஏவல்', 'சூடான ஏவல்' என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. லாஞ்ச், ஈட்டியைக் குறிக்கும் 'லான்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. எறிதல் பழைய பொருள். கப்பல், ராக்கெட் என்று வளர்ந்து மென்பொருளுக்கு வந்து சேர்ந்தது. தமிழிலும் 'ஏ' என்றால் அம்பு. அதனால் ஏவு கச்சிதம் என்பார்கள். ஏவல் என்றால் கட்டளையும்தானே, கணினி கட்டளைக்குக் கட்டுப்பட்டதுதானே என்றும் கேட்பார்கள்.

வேர் ஒத்துப்போனால் போதுமா? ஏவியது நம்மை விட்டுப் போக வேண்டும். அம்பு போகும், ஏவலாள் போவான், பேயை ஏவினாலும் அது இன்னொருவர் வீட்டுக்குத்தான் போகும். (இவர்கள் எழுதுவதைப் படித்தால் எனக்குப் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வருகிறது.) சிறுசெயலி எங்கும் போவதில்லை. 2017இல் வீசாட் என்ற சீன அரட்டைச் செயலி கொண்டுவந்த மினி புரோகிராம் என்னும் சிறுசெயலியைப் பாருங்கள். தனியாக நிறுவ வேண்டாம், தாய்ச்செயலிக்குள்ளேயே திறக்கும். மூடினாலும் உடனே அழிவதில்லை, பின்னணிக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் உறங்கிவிடும். நினைவகத்திலிருந்து நீக்கும் முன் திரும்பி வந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். இதுதான் அந்தச் 'சூடான ஏவல்'. நினைவகத்தில் இருப்பதை முன்னே கொண்டுவருவதற்குப் பெயர் ஏவுதலா? நினைவகத்திலிருந்து நீக்கிய பிறகு திறந்தால் எல்லாம் முதலிலிருந்து ஏற வேண்டும், அது 'குளிர்'. நிரலிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது: 'ஆன்லாஞ்ச்' என்ற நிரல்பகுதி புதிதாகத் தொடங்கும்போது மட்டும் ஓடும், 'ஆன்ஷோ' என்பது முன்னே வரும் ஒவ்வொரு முறையும் ஓடும். ஒரே 'ஏவு' இரண்டையும் குழப்பிவிடுகிறது.

'புதுத்தொடக்கம்', 'மறுதிறப்பு' என்றால் யாருக்கும் விளங்கும். பொத்தானில் 'திற' போதும். 'துவக்கு' என்பவர்களும் உண்டு. ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. ஆயுதக் கிடங்கை விட்டு நாம் வெளியே வரவே மாட்டோம் போலிருக்கிறது.

'விண்டோ மேனேஜ்மென்ட்' என்பதைச் 'சாளர மேலாண்மை' ஆக்குவதும் இதே நோய்தான். சாளரம் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கைபேசியில் திறக்கும் சிறுசெயலியில் இழுத்து நகர்த்தவோ பக்கத்தில் பக்கத்தில் வைக்கவோ சாளரங்கள் எங்கே? சிறுசெயலியின் அமைப்புக் கோப்பில் 'விண்டோ' என்ற பகுதி தலைப்புப் பட்டையின் நிறம், பின்னணி போன்றவற்றைத்தான் சொல்கிறது. மற்றபடி ஒரு பக்கத்தின் மேல் இன்னொரு பக்கம் ஏறும். பின்செல் பொத்தானை அழுத்தினால் மேலிருப்பது போகும். வீசாட்டில் வழக்கமாகப் பத்துப் பக்கத்துக்கு மேல் அடுக்க முடியாது. ஆகவே 'பக்க அடுக்கு' என்று எழுதுங்கள்.

அப்புறம், மினி ஆப்பையே 'நுண்செயலி' ஆக்குகிறவர்களுக்கு ஒன்று: அந்தப் பெயர் பல ஆண்டுகளாக மைக்ரோபிராசசருக்கு, அதாவது கணினியின் மூளையான சில்லுக்கு இருக்கிறது.