"புது ஊசிதான் மேடம்!"

போன மாதம் மட்டும் என் கிளினிக்குக்கு மூன்று பேர். மூவரும் கோவா போய் டாட்டூ போட்டுக்கொண்டு வந்தவர்கள். உட்கார்ந்ததும் மூவரும் முதலில் சொன்னது ஒன்றேதான்: "புது ஊசிதான் மேடம், என் கண்ணு முன்னாடிதான் பிரிச்சாங்க."

மூன்றாவதாக வந்தவன் கல்லூரி மாணவன். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். முன்கையில் ஒரு சிங்க முகம். கறுப்புக் கோடுகள் எல்லாம் அழகாக ஆறிவிட்டன. பிடரி மயிருக்குச் சாம்பல் நிறத்தில் நிழல் அடித்த இடத்தில் மட்டும் பொடிப்பொடியாகச் சிவந்த பருக்கள். கோட்டைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. டாட்டூ போட்டு மூன்றாவது வாரம் கிளம்பியிருக்கின்றன. அலர்ஜி என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பத்து நாள் தேய்த்திருக்கிறான். (தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கிருமி இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு தேய்ப்பது அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது மாதிரி.)

"சாம்பல் கலருக்கு என்ன தம்பி கலந்தாங்க?"

கொஞ்சம் யோசித்தான். "கறுப்பு மையில தண்ணி ஊத்தினாங்க மேடம். பக்கத்துல ஒரு பாட்டில் இருந்துச்சு."

அந்தத் தண்ணீர்தான் வினை. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதிலும் காசநோய்க் கிருமியின் பங்காளிகள் சில இருக்கலாம். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஊசியால் தோலுக்குள் இறக்கினால் அங்கேயே குடியேறிவிடும். சதைத்துணுக்கு எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினோம், அதேதான் வந்தது. இனி மாதக்கணக்கில் மாத்திரை.

புது ஊசி என்றால் எல்லாம் சுத்தம் என்ற நம்பிக்கையை எப்படி உடைப்பதென்றே தெரியவில்லை. ஊசியைப் பிரித்ததைப் பார்த்தீர்கள், சரி. மை ஊற்றிய சின்னக் கப் புதியதா? முடி மழித்த பிளேடு? ஊசியைச் செருகும் பிடியை, முந்தைய ஆளுக்குப் போட்ட பிறகு எப்படிச் சுத்தம் செய்தார்கள்? வாஸ்லின் டப்பாவுக்குள் எத்தனை பேரின் ரத்தம் பட்ட விரல் போய்வந்தது? கையுறை போட்ட கையாலேயே போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் உங்கள் தோலைத் துடைத்தாரா? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு இருக்கும். ஊசி நேற்றுத் தயாரானதாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

மையே கெட்டிருந்தால் சுத்தமான ஸ்டூடியோவும் கைகொடுக்காது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில், 2011-இல் ஒரே கலைஞரிடம் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்கு இதே தொற்று வந்தது. ஆராய்ந்தபோது மூடி திறக்காத சாம்பல் மைப் புட்டியிலேயே கிருமி இருந்தது.

"கருவியெல்லாம் நீல லைட் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த விளக்கு கிருமிநீக்கம் ஆகாது. ஆட்டோகிளேவ் வேண்டும், 121 டிகிரி நீராவி, அழுத்தத்தோடு. பல் டாக்டரிடம் இருக்கிறதே, அதே சாதனம். இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது கடல். காலையில் டாட்டூ, சாயங்காலம் பாகா பீச்சில் குளியல். "உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும்னு பாட்டி சொல்வாங்க." பாட்டி சொன்னது அடுப்பில் கொதிக்கவைத்து ஆறவைத்த உப்புத் தண்ணீர். டாட்டூ என்பது ஆயிரக்கணக்கான ஊசித் துளைகள் உள்ள புண். மேல்தோல் மூடவே இரண்டு மூன்று வாரம் ஆகும். காலில் டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய 31 வயதுக்காரர் ஒருவர், விப்ரியோ என்ற கடல் கிருமி தாக்கி இறந்தே போனார். 2017-இல் மருத்துவ இதழில் வந்த செய்தி. அவருக்கு ஏற்கெனவே குடியால் கல்லீரல் கெட்டிருந்தது. கோவாவுக்கு எதற்குப் போகிறோம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

குழந்தைகள் கையில் பீச்சோரம் போடும் 'கறுப்பு மருதாணி' வேண்டவே வேண்டாம். மருதாணி செக்கச்செவேலென்றுதான் சிவக்கும். அரை மணியில் கன்னங்கரேலென்று பிடித்தால் அதில் தலைச்சாய ரசாயனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொப்புளம் ஆறிவிடும், ஒவ்வாமை ஆயுசுக்கும் தங்கிவிடும்.

டாட்டூவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊர் திரும்பி, நாளைக்கு ஏதாவது என்றால் போய்க் கதவைத் தட்டக்கூடிய ஆளிடம் போடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முடிக்க ஆறு மாதம். டிக்கெட் எடுத்த பிறகு ஓடிவந்து பயனில்லை. காது குத்திய இடம்கூடத் தழும்பேறிப் புடைப்பவர்கள், வெண்புள்ளி, சோரியாசிஸ், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். குடித்துவிட்டுப் போய் உட்காராதீர்கள். நிழல் அடிக்க மையைக் கலக்கும்போது, சீல் உடைக்காத ஸ்டெரைல் வாட்டர் (கிருமி நீக்கிய தண்ணீர்) கேளுங்கள். மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஏற்கெனவே சந்தேகமான இடத்தில் போட்டுவிட்டீர்களா? எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையை இப்போது ஒருமுறை, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று செய்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

அந்தப் பையனோடு இன்னும் மூன்று நண்பர்கள் அதே நாற்காலியில், அதே பாட்டில் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். ஒருவன் வந்து காட்டிவிட்டான். மற்ற இருவரும் "எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்கிறார்களாம். தம்பிகளா, இதைப் படித்தால் சாம்பல் நிழல் உள்ள இடத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். ஃபீஸ் வேண்டாம்.