மண்டபம் முகாமுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள்: மருத்துவம் எங்கே, எப்படி?

இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 மார்ச் முதல், தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் படகில் வந்து இறங்கியவர்களில் கைக்குழந்தைக்காரர்களும் உண்டு. கரையேறியவர்களை விசாரணைக்குப் பிறகு, இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான மண்டபம் முகாமில் தங்க வைத்தார்கள். "ஆதார் இல்லையே, பிள்ளையை ஆஸ்பத்திரியில பார்ப்பாங்களா?" என்று தயங்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

பார்க்க வேண்டும். அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை, குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் உரியது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையையும் இந்தியா 1992இல் ஏற்றிருக்கிறது.

வந்ததும் முதல் வேலை தடுப்பூசி. ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தோறும் இலவசமாகப் போடுகிறார்கள். இலங்கை கிளினிக் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள். கடல் தண்ணீரில் நனைந்து எழுத்து கலங்கியிருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். தேதி ஒன்றிரண்டு தெரிந்தாலே உதவும். புத்தகமே இல்லையென்றால், ஊரிலுள்ள உறவினரிடம் சொல்லி, கிளினிக்கில் இருக்கும் பதிவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதுவும் கிடைக்காவிட்டால், நர்சம்மா வயதுக்கு ஏற்றபடி ஊசி போடுவார். ஏற்கெனவே போட்ட ஊசியை இன்னொரு முறை போட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். போடாமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம். பதிவு இருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டு நாட்டு அட்டவணையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். தட்டம்மைக்கான இரண்டாம் ஊசியை இலங்கையில் 3 வயதில் போடுவார்கள். இங்கே 16 முதல் 24 மாதத்துக்குள். அதனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அங்கே பாக்கி இல்லாதது இங்கே பாக்கியாக இருக்கும். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். கைக்குழந்தை என்றால் ஒரு புதன்கிழமையைக்கூட வீணாக்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மலேரியா இல்லாத நாடு என்று இலங்கைக்கு 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ராமேஸ்வரம் தீவிலோ மலேரியா நெடுங்காலம் இருந்துவருகிறது. இலங்கையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதை எதிர்க்கும் பழக்கம் உடம்பில் இருக்காது. பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஆறு வயதுக்குக் கீழ் என்றால் அங்கன்வாடியில் பெயர் சேருங்கள். எடை பார்ப்பார்கள், சத்துமாவு தருவார்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு, 18 வயது வரை இதயக் கோளாறு, காது, கண், வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் பார்த்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும்.

பெரிய அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. முகாமில் பதிவான இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. பதிவு இழுத்தடிக்கிறதென்றால் காத்திருக்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை பெறக் காப்பீட்டு அட்டை கட்டாயமில்லை. சந்தேகம் இருந்தால் 104, அவசரம் என்றால் 108.