எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சிவப்பு எழுத்தில், மூன்று ஆச்சரியக்குறியோடு. ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கில் மரணமாம். அதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அதே மாதம் நாலே மரணமாம். 'சிந்திப்பீர், பகிர்வீர்.' பகிர்ந்தவர் என் சித்தப்பா, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஒரு மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்ஆர்டி என்றால், 'பழைய கேஸ் ஷீட் போட்டு வைக்கிற குடோன்தானே' என்று ஆஸ்பத்திரிக்குள் இருப்பவர்களே கேட்பார்கள். குடோன்தான், மறுக்கவில்லை. ஆனால் அட்மிஷன், டிஸ்சார்ஜ், பிரசவம், இறப்பு என்று மாதாமாதம் மேலே போகிற எண்கள் எல்லாம் அந்தக் குடோனிலிருந்துதான் கிளம்புகின்றன. அவை எப்படி உருவாகின்றன என்று தெரிந்தவனுக்கு இந்த மாதிரிப் பகிர்வுகளைப் பார்த்தால் வயிறு எரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். கற்பனையாக இரண்டு ஆஸ்பத்திரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஒரு மாதத்தில் 100 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 10 பேர். எது மோசம்? உடனே முதலாவதைக் காட்டாதீர்கள். முதலாவதிலிருந்து அந்த மாதம் வெளியே போனவர்கள், இறந்தவர்களையும் சேர்த்து, 5000 பேர். இரண்டாவதில் 200 பேர். முதலாவதில் நூற்றுக்கு 2, இரண்டாவதில் நூற்றுக்கு 5. மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் தீர்ப்பு ஒரு பக்கம், பின்னத்தின் கீழே இருக்கும் எண்ணையும் பார்த்தால் தீர்ப்பு எதிர்ப்பக்கம். ஆறாம் வகுப்புப் பாடம் இது.

இத்தோடு விட்டால் கூடப் பரவாயில்லை. விகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், இனி ஒப்பிடலாம் என்று அடுத்து ஒரு கூட்டம் கிளம்பும். கொஞ்சம் பொறுங்கள். யார் அந்த 200 பேர், யார் அந்த 5000 பேர்?

108 வண்டி விபத்துக் கேஸை எங்கே கொண்டுவருகிறது? பாம்புக்கடியை, பூச்சிமருந்து குடித்தவரை, மூன்று ஆஸ்பத்திரி சுற்றிவிட்டுக் கையில் காசு தீர்ந்து நாலாவதாக வருகிறவரை? பெரும்பாலும் எங்களுடையதைப் போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். வந்த இரண்டாவது மணி நேரத்தில் உயிர் போனால் அது எங்கள் கணக்கில் ஒரு இறப்பு. அனுப்பிய ஆஸ்பத்திரியின் கணக்கில் அவர் 'மேல் சிகிச்சைக்கு ரெஃபர்', அதாவது டிஸ்சார்ஜ் ஆனவர். மேலே ஒன்றும் கூடவில்லை, கீழே மட்டும் ஒன்று கூடியது. அவர்களுடைய இறப்பு விகிதம் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 'இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறோம்' என்று உறவினர்கள் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறார்கள். நம் ஊரில் வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்பது பெரிய விஷயம், அதில் தப்பே இல்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் அது ஏஎம்ஏ, மருத்துவ ஆலோசனையை மீறிப் போனவர். வழியிலேயே உயிர் போயிருந்தாலும் ஆஸ்பத்திரி இறப்புக் கணக்கில் வராது. அதுபோல, உயிரில்லாமலே கொண்டுவரப்பட்டவர் அட்மிஷனே ஆகாதவர், உள்நோயாளி இறப்பில் சேரமாட்டார். வந்த கொஞ்ச நேரத்திலேயே இறப்பவர்களுக்காகத்தான் மொத்த இறப்பு விகிதம் ஒன்று, நிகர இறப்பு விகிதம் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறோம். நிகர விகிதத்தில், சேர்ந்து 48 மணி நேரம் முடிவதற்குள் இறந்தவர்களைக் கழித்துவிடுவோம். அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு நடந்ததில்தான் ஆஸ்பத்திரியின் கை அதிகம் என்பது அதன் எண்ணம். அதுவும் முழு நியாயமில்லைதான். முதல் ஒரு மணி நேரத்தில் காப்பாற்றத் தவறியதையும் சேர்த்து அது மறைத்துவிடும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

படித்தவர்களே சறுக்கிய இடம் இது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-ல் ஒரு அட்டவணை வெளியிட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்தவர் இங்கிலாந்தின் பேர்பெற்ற புள்ளியியலாளர் வில்லியம் ஃபார். லண்டனில் இருந்த 24 மருத்துவமனைகளின் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்றது அட்டவணை. உள்ளே போனால் பத்தில் ஒன்பது பேர் திரும்பமாட்டார்கள் என்று படிக்கிறவர் நினைப்பாரா இல்லையா? நடந்தது என்னவென்றால், 1861-ம் ஆண்டு முழுக்க இறந்தவர்கள் 3,828 பேர். அதை, அந்த ஆண்டு ஏப்ரல் 8-ம் தேதி, ஒரே ஒரு நாள், படுக்கையில் இருந்த 4,214 பேரால் வகுத்துவிட்டார்கள். மேலே ஒரு வருடம், கீழே ஒரு நாள். அந்த வருடம் முழுக்க வந்து குணமாகிப் போன ஆயிரக்கணக்கானவர்கள் கணக்கிலேயே இல்லை. டாக்டர்கள் விடுவார்களா? மருத்துவப் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது. நைட்டிங்கேல் எங்கள் தொழிலுக்குத் தாய் மாதிரி. எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே போராடியவர். அவருக்கே இது என்றால், சித்தப்பாவை நான் என்ன சொல்ல?

ஒழுங்காகக் கீழ் எண் வைத்த கணக்கு எப்படி இருக்கும் என்பதற்குச் சிசு மரண விகிதத்தைப் பாருங்கள். உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில், ஒரு வயது முடிவதற்குள் இறப்பவர்கள் எத்தனை பேர் என்பது அது. மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை (எஸ்ஆர்எஸ்) என்ற கணக்கெடுப்பின் 2020 கணக்குப்படி இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13, கேரளத்துக்கு 6. யாரை எண்ணுவது, எதால் வகுப்பது என்பது எல்லா மாநிலத்துக்கும் ஒன்றே, அதனால் ஒப்பிடலாம். இதைப் படித்துவிட்டு ஒருவர், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் இறப்பை அதே ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவ எண்ணிக்கையால் வகுத்து, 'இந்த மாவட்டத்தின் சிசு மரண விகிதம்' என்று எழுதுவார். அந்தப் பிரிவில் கிடக்கும் குழந்தைகளில் பலர் வேறு ஊரில் பிறந்து ஆம்புலன்ஸில் வந்தவர்கள். எழுதியவருக்கு அது தெரியாது, கேட்கவும் மாட்டார்.

சின்ன எண்களில் சதவீதம் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். போன வருடம் ஒன்று, இந்த வருடம் இரண்டு என்றால் 'நூறு சதவீத உயர்வு' என்று தலைப்புப் போடுகிறீர்கள். ஒரு சின்ன ஊராட்சியில் வருடத்துக்கு 40 குழந்தைகள் பிறக்கின்றன என்று வையுங்கள். ஒரு குழந்தை தவறினால் விகிதம் 25. அடுத்த வருடம் யாரும் தவறவில்லை என்றால் பூஜ்யம். ஊர் ஒரே வருடத்தில் திருந்திவிடவில்லை.

சராசரியும் இதே கதைதான். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் மும்மூன்று நாளில் வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் தீக்காயத்தோடு 73 நாள் கிடந்தார். சராசரி பத்து நாள். பத்து நாள் இருந்தவர் ஒருவர்கூட அந்த வார்டில் இல்லை! இடைநிலையை, அதாவது வரிசைப்படி அடுக்கினால் நடுவில் வரும் எண்ணைப் பார்த்தால் மூன்று என்று சரியாகச் சொல்லும். மீட்டிங்கில் இடைநிலையும் போடலாம் என்றால், 'அதெல்லாம் குழப்பும், சராசரி போதும்' என்கிறார்கள்.

இதுவரை எண்ணைப் படிப்பவர்களுக்கு. எண் பிறக்கிற இடத்திலும் நிறைய நடக்கிறது, அதில் உங்கள் கையும் இருக்கிறது.

பதிவுக் கவுன்ட்டரில் வயது கேட்டால், 'அம்பது போட்டுக்கோங்க' என்கிறார்கள். போட்டுக்கொள்கிறோம். வருட முடிவில் வயதுவாரியாக அட்டவணை போட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபதில் மலை மாதிரிக் குவிந்திருக்கும். நாற்பத்தேழு வயதுக்காரர்கள் நோயே வராமல் வாழ்கிறார்கள் போலிருக்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இது உண்டு, எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளக்க விப்பிள் குறியீடு என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள்.

பெயர் இன்னும் மோசம். தமிழ்ச்செல்வி என்பதை ஆங்கிலத்தில் குறைந்தது நாலு விதமாக எழுதலாம். இனிஷியல் ஒரு தடவை அப்பாவுடையது, ஒரு தடவை வீட்டுக்காரருடையது. கணினிக்கு அவர் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? நாலு தடவை வந்த ஒருவர் நாலு சர்க்கரை நோயாளிகளாக நிற்பார். போன தடவை எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் வேறு எண்ணில் போய் ஒளிந்துகொள்ளும். பழைய ஓபி சீட்டைக் கொண்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வளையல் டப்பாவிலோ பீரோவிலோ எங்கேயாவது பத்திரமாக வையுங்கள். ஆதாரில் இருக்கிறபடியே பெயர் சொல்லுங்கள். கர்ப்பிணி என்றால், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணைச் சொல்லுங்கள். இவ்வளவுதான் கேட்கிறோம்.

இரண்டு பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020-ல் சென்னையே பார்த்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் சுகாதாரத் துறையின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, விடுபட்டிருந்த 444 கொரோனா மரணங்கள் ஜூலை 22 அன்று கணக்கில் சேர்க்கப்பட்டன. மறைத்தார்களா என்று ஊர் சண்டை போட்டது, அதைக் கேட்க வேண்டியதுதான். எனக்கு அதில் உறைத்தது வேறு. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் போட்டதால்தான் அந்த 444 பேரும் வெளியே தெரிந்தார்கள். தினசரி ஒப்பிடுகிற வேலைக்கு, நான் பார்த்த வரை, எங்கேயும் ஆள் கிடையாது.

கடைசியாக, ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளுக்கு, அதாவது பயிற்சி டாக்டர்களுக்கு. இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். இதயமும் மூச்சும் நிற்காமல் யாராவது இறந்து பார்த்திருக்கிறீர்களா? இறப்புக்கான காரணத்தை டாக்டர் எழுதித் தரும் படிவம் 4-ல் முதல் பாகத்தில் மூன்று வரி எதற்கு இருக்கிறது? முதல் வரியில் ரத்தத்தில் கிருமித்தொற்று. அது எதனால்? காலில் அழுகல். அது எதனால்? சர்க்கரை நோய், பதினைந்து வருடமாக. அந்தக் கடைசி வரிதான் அடிப்படைக் காரணம், புள்ளிவிவரத்துக்குப் போவது அதுதான். பக்கத்தில் எவ்வளவு காலமாக என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதையும் நிரப்புங்கள். நீங்கள் அரெஸ்ட் என்று மட்டும் எழுதினால் நான் நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலில் இருந்து ஐ46.9 என்று போட வேண்டும். உண்மையான காரணத்தைச் சொல்லாத அதைத் தொழிலில் குப்பைக் குறியீடு என்போம். இந்தியாவில் 2020-ல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவச் சான்றோடு காரணம் கிடைத்தது. கிடைப்பதே அவ்வளவு. அதிலும் குப்பை போட்டால், எந்த ஊரில் எந்த நோய்க்கு மருந்து வாங்குவது என்று எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். 'டிபின்னு எழுதாதீங்க சார், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்', 'குடியால ஈரல் போச்சுன்னு வேண்டாமே' என்று டாக்டரிடம் மன்றாடுகிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பதிவாளர் தரும் இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சாகாது. பேர், தேதி, இடம், விலாசம் மாதிரி விவரங்கள்தான் இருக்கும். காரணம் எழுதிய படிவம் தனியாக அலுவலகத்துக்குப் போகிறது. அதன் நகல் ஒன்றை உங்களுக்கும் தரவேண்டும் என்று 2023 திருத்தம் சொல்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஊருக்குக் காட்ட வேண்டிய அவசியம் கிடையாது. வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் வீட்டு இறப்புக்கான காரணப் படிவம் 4அ கேளுங்கள்.

கேஸ் ஷீட் எங்களிடம் வருவதற்கு முன்பே, வார்டிலேயே, பெயர், வயது, விலாசம் மூன்றையும் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லிவிடுங்கள். பிறகு திருத்துவதற்குப் பிரமாணப் பத்திரம், நோட்டரி என்று அலைய வேண்டிவரும். படிவம் நிரப்புவதில் சந்தேகம் இருக்கிற ஹவுஸ் சர்ஜன்கள் எம்ஆர்டிக்கு நேரில் வரலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.