லே-ஆஃப்: பாதிச் சம்பளமா, வேலையே போச்சா?

மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவரிடம் "லே-ஆஃப் என்றால் என்ன?" என்று கேளுங்கள். வேலையை விட்டுத் தூக்குவது என்பார். பழைய பஞ்சாலைத் தொழிலாளியிடம் கேட்டால் பதில் வேறு: "இன்னைக்கு வேலை இல்லை, போயிட்டு வான்னு அனுப்புவாங்க. பாதிச் சம்பளம் வரும்." சட்டப்படி சரியானது ஆலைக்காரர் சொன்னதுதான்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் தற்காலிகத்தைக் குறித்தே புழங்கியது. 'லே' என்றால் வைப்பது, 'ஆஃப்' என்றால் விலக்கி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் வேலை குறைவான பருவத்தில் ஆட்களை ஒதுக்கி வைத்து, வேலை வந்ததும் திரும்பக் கூப்பிட்டன. அதற்குத்தான் இந்தப் பெயர். போகப் போக, திரும்பக் கூப்பிடும் பாதி உதிர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றது.

இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், 1953இல் வந்த திருத்தம் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால், மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் உள்ள தொழிலாளிக்கு முதலாளி வேலை கொடுக்கத் தவறுவது, மறுப்பது அல்லது கொடுக்க இயலாமல் போவது. மஸ்டர் ரோலில் பெயர் உள்ள என்பதைக் கவனியுங்கள். பெயர் அடிக்கப்படவில்லை. வேலை அவருடையதுதான், அன்றைக்கு வேலை இல்லை, அவ்வளவே.

இதன் நுணுக்கங்கள் சுவையானவை. ஷிஃப்ட் நேரத்துக்குத் தொழிலாளி வாசலில் வந்து நிற்க வேண்டும். வந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால் அன்று அவருக்கு லே-ஆஃப். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் 50 சதவீதம் இழப்பீடு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், வேறு சில நிபந்தனைகளும் உண்டு. பாதிச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்பது வேறு விஷயம். ஆனால் நிலக்கரி வராததற்கு நெசவுக்காரர் பொறுப்பில்லை என்பதைச் சட்டம் பாதி அளவுக்காவது ஒப்புக்கொண்டது.

சரி, ஐடி நிறுவனங்கள் செய்வது என்ன? அதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் 'ரிட்ரெஞ்ச்மென்ட்'. வெட்டிக் குறைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல். முதலில் செலவைக் குறைப்பதற்குத்தான் பயன்பட்டது. 1922-23இல் பிரிட்டிஷ் இந்திய அரசு செலவைச் சுருக்க வழி தேடி அமைத்த இஞ்ச்கேப் குழுவின் அதிகாரப்பூர்வப் பெயரே 'இந்திய ரிட்ரெஞ்ச்மென்ட் குழு'. செலவை வெட்டப் போனவர்கள் ஆளை வெட்டினார்கள், ஆனால் சொல்லில் ஆள் தென்படவே மாட்டார். தமிழில் அப்படி ஒளிக்க முடியவில்லை. ஆட்குறைப்பு என்றதும் முதலெழுத்திலேயே ஆள் வந்து நிற்கிறார். எனக்கு மிகவும் பிடித்த தொழிற்சங்கச் சொற்களில் இது ஒன்று.

பத்திரிகைகள் இரண்டையும் விட்டுவிட்டு 'பணிநீக்கம்' என்று எழுதுகின்றன. அதுவும் பொருந்தாது. ஒழுங்கு நடவடிக்கை எடுத்து, விசாரணை வைத்து ஒருவரை அனுப்புவதற்கு வழங்கும் சொல் அது. லாபக் கணக்குக்காக வெளியேற்றப்பட்டவர் மேல் ஏதோ தப்புச் செய்தவர் என்ற சாயல் தேவையில்லாமல் விழுகிறது.

லே-ஆஃபுக்குத் தமிழ் என்ன? 'தற்காலிக வேலைமறுப்பு' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். 'வேலை நிறுத்திவைப்பு' என்று சிலருக்குத் தோன்றும், ஆனால் வேலைநிறுத்தத்தோடு குழம்பிவிடும். ஒன்று தொழிலாளி செய்வது, மற்றது முதலாளி செய்வது. இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்க விடக் கூடாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பணம் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்குக் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற பொது விதியும் உண்டு. பதவிப் பெயரில் 'லீட்' என்றோ 'மேனேஜர்' என்றோ ஒட்டியிருப்பது மட்டும் ஒருவரைத் தொழிலாளி இல்லை என்று ஆக்கிவிடாது. உண்மையில் பார்க்கும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

ஆட்குறைப்பின் சட்ட வரையறையில் ஒரு ஓட்டை உண்டு. தானாக விலகிப் போவது ஆட்குறைப்பில் சேராது. அந்த ஓட்டை வழியாகத்தான் எச்.ஆர். அறைக்குள் கூப்பிடுகிறார்கள். "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும், அடுத்த கம்பெனியில பிரச்சினை இருக்காது." ஊர் முழுக்க லே-ஆஃப் என்ற பேச்சு, செய்தியிலும் அதே சொல், கோப்பில் மட்டும் ராஜினாமா. வெளியே சொல்லும் சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் வேறு, உள்ளே வாங்கும் கடிதத்துக்கு இழப்பீடே கிடையாது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. லே-ஆஃப், ரிட்ரெஞ்ச்மென்ட் என்ற இரண்டு சொற்களும் அதில் அப்படியே தொடர்கின்றன. மாறியது எண்ணிக்கை. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புக்கு முன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துவிட்டது. 299 பேர் உள்ள ஆலை இனி கேட்காமலே வெட்டலாம். ஈடாக, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை முதலாளி மறுதிறன் நிதியில் (வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான நிதி) செலுத்த வேண்டும் என்கிறது தொகுப்பு.

அப்புறம், அதே தொகுப்பில் இன்னொரு உரிமை இருக்கிறது. ஆட்குறைப்பு செய்த ஓராண்டுக்குள் நிறுவனம் மறுபடி ஆள் எடுத்தால், வெளியே போனவருக்குத்தான் முதலில் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அது கிடைக்காது.